தும்பை விட்டு வாலைப் பிடிக்கலாமா?

(பட்டிமன்றத் தலைப்பு: வேலையிழந்த அரசு ஊழியருக்குத் தரும் உதவித்தொகைச் செலவைக் கட்டுப்படுத்த, கவனிக்க வேண்டியது வாங்குகிறவரையா, வேலையை விட்டு அனுப்புகிற அலுவலகத்தையா? 'அலுவலகத்தையே' என்ற அணியில் நான் பேசியது.)



தலைப்பைச் சொன்னதும் எங்க வீட்டுல ஒரு கேள்வி வந்துச்சு நடுவர் அவர்களே. "ஏங்க, சர்க்கார் உத்தியோகம்கூடப் போகுமா?" நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகம்னா ஜாதகத்தையே அப்புறமாத்தான் எடுப்பாங்க. (சிரிப்பு) ஏன்? போகாத வேலை என்கிற நம்பிக்கை.

அமெரிக்காவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அங்கே அரசு வேலை போகும். நிதி இல்லை என்றால் போகும், அலுவலகத்தை மூடினால் போகும், ஆட்சி மாறினாலும் போகும். போனவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை வாராவாரம் ஓர் உதவித்தொகை உண்டு. அந்தச் செலவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் இன்றைய வழக்கு. எனவே அமெரிக்க அனுபவத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் செலவைக் குறைக்கக் கிளம்பினால், அடுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பால் பொங்குவதைத் தடுக்கப் போன கதைதான்.

1935-இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் வேலையிழப்பு இன்சூரன்ஸ் நடத்துகிறது. தனியார் முதலாளி அதற்கு வரி கட்டுகிறார். மத்திய அரசுக்கு ஒரு சின்ன வரி. ஊழியருக்கு ஆண்டில் தரும் சம்பளத்தில் முதல் 7,000 டாலருக்கு 6 சதவீதம். மாநில வரியை ஒழுங்காகக் கட்டினால் அதில் 5.4 தள்ளுபடி, மிச்சம் 0.6 சதவீதம், அதாவது தலைக்கு 42 டாலர். 7,000 என்ற அந்த வரம்பு 1983-இல் வந்தது. மாநிலத்துக்குக் கட்டும் வரிதான் பெரிய விஷயம். அதில் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். எந்த முதலாளி அடிக்கடி ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறாரோ அவருக்கு வரி விகிதம் ஏறும். ஆட்களை வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு விகிதம் இறங்கும். விபத்து செய்யாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டணம் குறைகிற மாதிரி.

சரி, அரசாங்கமே முதலாளியாக இருந்தால்? மத்திய அரசு இந்த வரியைக் கட்டுவதில்லை. அதனால் 1954-இல் தனியாக ஒரு சட்டம் போட்டு, 1955 முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கும் உதவித்தொகை உண்டு என்றார்கள். 1958-இல் படையிலிருந்து வெளியே வந்தவர்களையும் சேர்த்தார்கள். 1978 முதல் மாநில அரசு, நகராட்சி, பள்ளிக்கூட ஊழியர்கள் என்று வட்டம் பெரிதாயிற்று. மாநில அரசும் நகராட்சியும் தனியார் போல வரி கட்டலாம். அல்லது வரியே கட்டாமல், தங்கள் பழைய ஊழியருக்கு மாநில நிதியிலிருந்து எவ்வளவு போனதோ அதை அப்படியே திருப்பிக் கட்டலாம். 100 டாலர் போனால் 100 டாலருக்கு பில். வரி என்றால் சீட்டுக் கட்டுவது மாதிரி, மாதாமாதம் கொஞ்சம். திருப்பிக் கட்டுவது என்றால் கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல்காரர் பில்லோடு வந்து நிற்கிற மாதிரி. (சிரிப்பு)

இனிமேல்தான் என் வழக்கு ஆரம்பம்.

1955-லிருந்து இருபத்தைந்து வருஷம் மத்திய அரசில் என்ன வழக்கம் தெரியுமா? எந்த இலாகா ஆளை வெளியே அனுப்பினாலும் பணம் ஒரே இடத்திலிருந்து போனது. தொழிலாளர் இலாகாவின் நிதி ஒதுக்கீடு. அனுப்பிய இலாகாவின் பாக்கெட்டிலிருந்து பைசா போகாது. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். வீட்டுக்கு ஒரே மீட்டர். கரண்ட் பில்லைத் தாத்தா கட்டுகிறார். எந்த ரூமிலாவது யாராவது ஃபேனை நிறுத்துகிறார்களா? ஆள் இல்லாத ரூமிலும் ஓடும்! தனித்தனியாக மீட்டர் வைத்த அன்றைக்குப் பாருங்கள். "யாருடா லைட்டைப் போட்டுட்டுப் போனது?" என்று கேட்கிற முதல் குரல், நேற்றுவரை லைட்டை அணைக்காதவர் குரல்தான். (கைதட்டல்)

1980-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனி மீட்டர் வைத்தது. ஒவ்வொரு இலாகாவும் தான் அனுப்பிய ஆட்களுக்கான தொகையைத் தன் நிதியிலிருந்தே கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பில் வரும் என்று ஏற்பாடு. நடுவர் அவர்களே, செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைத்தபோது சட்டம் போட்டவர்கள் கை வைத்த இடத்தைக் கவனியுங்கள். வாங்குகிறவரின் தட்டில் கை வைக்கவில்லை. அனுப்புகிறவரின் பையில் கை வைத்தார்கள்.

எதிரணியில் பேசிய அம்மா அவர்கள் ஆவேசமாக ஒன்று கேட்டார்கள். "ஏமாற்றுகிறவர்களை விட்டுவிடலாமா?" விடக் கூடாதும்மா. நான் திருடனுக்கு வக்காலத்து வாங்க இங்கே வரவில்லை. வேறு வேலையில் சேர்ந்துவிட்டு, 'இன்னும் வேலை இல்லை' என்று வாராவாரம் எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பெயரை முதலாளி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-இல் தேசிய அளவில் ஏற்பாடு வந்தது. அந்தப் பட்டியலோடு உதவித்தொகைப் பட்டியலை ஒப்பிட்டால் பொய் வெளியே வந்துவிடும். நல்ல ஏற்பாடு. இருக்கட்டும்.

ஆனால் 2020-இல் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? கொரோனா காலத்தில் மோசடிக் கும்பல்கள் அடுத்தவர் பெயரில் மனுப் போட்டன. வேலையை இழக்காமல் தினமும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர் பெயரிலேயே மனு! இதை எங்கே பிடிக்க முடியும்? மனு வந்ததும் மாநிலத்திலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போகும்: "உங்களிடம் வேலை பார்த்த இன்னார் மனுச் செய்திருக்கிறார்; விவரம் தருக." அந்தக் கடிதத்தை அன்றைக்கே பிரித்துப் படித்தால், "அட, இவர் அடுத்த சீட்லதானே உட்கார்ந்திருக்காரு!" என்று தெரிந்துவிடும். பிரிக்காமல் தட்டில் போட்டு வைத்தால்? பணம் போய்விடும். ஆக, திருடனைப் பிடிக்கவும் அலுவலகம் விழித்திருக்க வேண்டும்.

நேர்மையான மனுவிலும் இதே கதைதான். மத்திய அரசு ஊழியர் மனுப் போட்டால், அவர் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் விலகினார், ஏன் விலகினார் என்று மாநிலம் கேட்கும். 4 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. பதில் வராவிட்டால் ஊழியர் கொண்டுவரும் சம்பளச் சீட்டையும் உறுதிமொழியையும் வைத்து மாநிலம் முடிவு செய்துவிடும். அதில் தப்பு இல்லை. அலுவலகம் தூங்குகிறது என்பதற்காக ஒரு குடும்பம் பட்டினி கிடக்க முடியுமா? ஆனால் விலகும்போது எடுக்காத விடுப்புக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்திருப்பார்கள். சிலருக்கு ஆட்குறைப்புத் தொகையும் கொடுத்திருப்பார்கள். சில மாநிலச் சட்டப்படி அதைக் கணக்கில் எடுத்தால் உதவித்தொகை சில வாரம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். அலுவலகம் அதைச் சரியாக எழுதி அனுப்பினால்தானே கணக்கில் வரும்? பிறகு தெரிந்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்று அந்த ஊழியர் வீட்டுக்குத்தான் கடிதம் போகும். குமாஸ்தாவின் சோம்பல் ஒரு குடும்பத்தின் கடனாக மாறுகிறது.

எங்களுக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் இன்னொரு யோசனை சொன்னார். "எல்லா மனுவையும் எதிர்த்து வழக்காடுங்க, பாதிப் பேர் ஓடிடுவாங்க." ஓடுவார்கள் ஐயா. யார் ஓடுவார்கள் என்பதுதான் கேள்வி. விவரம் தெரிந்த ஏமாற்றுக்காரன் நின்று வாதாடுவான். விவரம் தெரியாத நல்லவன், "நமக்கு எதுக்கு வம்பு"ன்னு ஒதுங்கிடுவான். எதிர்க்க வேண்டியதை எதிர்க்க வேண்டும். ஆனால் எதிர்ப்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு.

1941-இல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு டாக்ஸி கம்பெனிக்கும் அதன் பழைய டிரைவருக்கும் வந்த வழக்கு. வேண்டுமென்றே முதலாளியின் நலனை மதிக்காமல் நடப்பதுதான் 'தவறான நடத்தை'. திறமைக் குறைவோ, நல்லெண்ணத்தோடு செய்த பிழையோ அந்தக் கணக்கில் வராது என்பது அதன் சாரம். பல மாநிலங்கள் அந்த விளக்கத்தைப் பின்பற்றின. இதன் பொருள் என்ன? "இவர் வேலை திருப்தியாக இல்லை" என்று ஒரு வரி எழுதி ஆளை அனுப்பிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியால் பொதுவாக உதவித்தொகையை நிறுத்த முடியாது. 2025 பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஆயிரக்கணக்கான மத்திய அரசு ஊழியர்களை அனுப்பியபோது, பலருடைய கடிதத்தில் செயல்திறன்தான் காரணம் என்று எழுதியிருந்தது. காகிதத்தில் காரணம் எழுதினால் பில் வராது என்று யாராவது நினைத்திருந்தால், அவர் அந்த 1941 தீர்ப்பைப் படிக்கவில்லை.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். என் பக்கத்தின் பெரிய சாட்சியை இன்னும் கூப்பிடவே இல்லை. (சிரிப்பு)

2018 டிசம்பர் 22. பட்ஜெட் நிறைவேறவில்லை. அமெரிக்க மத்திய அரசின் ஒரு பகுதி இழுத்து மூடப்பட்டது. 2019 ஜனவரி 25 வரை, 35 நாள். ஏறக்குறைய 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மீதிப் பேர் சம்பளம் இல்லாமலே வேலைக்கு வர வேண்டும்: விமான நிலையச் சோதனை, கடலோரக் காவல் போன்ற வேலைகள். வீட்டில் இருந்தவர் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்? 'முழு நேரம் வேலை பார்க்கிறவரை வேலையில்லாதவர் என்று சொல்ல முடியாது' என்று தொழிலாளர் இலாகா சொல்லிவிட்டது. சட்டப்படி சரிதான். அந்த வீட்டு அரிசிப் பானைக்கு அது புரியுமா? (கைதட்டல்)

அப்புறம் என்ன நடந்தது? மூடல் முடிந்து பழைய சம்பளம் மொத்தமாக வந்தது. சம்பளம் வந்ததால் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதாவது, ஒரு குமாஸ்தா உட்கார்ந்து மனுவை வாங்கினார், சம்பளம் சரிபார்த்தார், பணம் அனுப்பினார். அதே குமாஸ்தா மறுபடி உட்கார்ந்து, அதே பணத்தைத் திருப்பி வாங்கக் கடிதம் எழுதினார். ஊருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத வேலைக்கு ஊர்ப்பணத்தில் செலவு. இந்தச் செலவுக்கு அந்த 8 லட்சம் பேரில் யார் காரணம்? ஒருவருமில்லை. நேரத்துக்குப் பட்ஜெட் போடாத இடம்தான் காரணம். பாடம் படித்தார்களா என்றால், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை மறுபடியும் மூடல், 43 நாள்! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பெரியவர்கள் இதற்குத்தான் சொல்லி வைத்தார்கள்.

"குறை மட்டும் சொல்றியே, வழி என்ன?" என்று நடுவர் பார்க்கிறார். சொல்கிறேன் ஐயா.

முதல் வழி, அனுப்புவதற்கு முன்னால் யோசிப்பது. மத்திய அரசில் ஆட்குறைப்பு என்றால் பொதுவாக 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த 60 நாள் சும்மா கழிவதற்கு இல்லை. ஓர் அலுவலகத்தில் ஆள் மிச்சம், இன்னொரு அலுவலகத்தில் இடம் காலி என்றால், வெளியே ஆள் தேடும் முன் இவருக்கு முன்னுரிமை கொடு என்று 1990-களிலேயே விதி செய்தார்கள். இங்கே அனுப்பி உதவித்தொகையும் கொடுத்து, அங்கே புது ஆள் எடுத்துப் பயிற்சியும் கொடுத்தால் அது ரெட்டைச் செலவு. இட மாற்றம் செய்தால் இரண்டுமே மிச்சம்.

இரண்டாவது வழி, குறைத்தே ஆக வேண்டுமென்றால் திட்டமிட்டுக் குறைப்பது. 1994-இல் வந்த சட்டப்படி மத்திய அரசில் 2,72,900 பணியிடங்களை 1999-க்குள் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு உச்சவரம்பு வைத்தார்கள். தானாக விலக விரும்பியவருக்கு அதிகபட்சம் 25,000 டாலர் என்றார்கள். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி அரசு வேலைக்கு வந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கடிவாளமும் போட்டார்கள். அதிலும் குறை உண்டு. இருக்க வேண்டிய கெட்டிக்காரரும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனாலும், ராத்திரியோடு ராத்திரியாகக் கடிதம் அனுப்புவதற்கும், ஐந்து வருஷம் தேதி போட்டுச் செய்வதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

மூன்றாவது வழி, கடிதத்தை நேரத்துக்கு, உண்மையாக எழுதுவது. பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமல் இருக்கும் பள்ளி ஊழியர்கள் உண்டு. விடுமுறை முடிந்து உனக்கு வேலை உண்டு என்று நியாயமான உறுதி கொடுத்திருந்தால், விடுமுறைக்கு உதவித்தொகை கிடையாது. அந்த உறுதியைத் தெளிவாகக் கொடுக்கத் தவறிய பள்ளி நிர்வாகம், கோடை முழுக்க பில் கட்ட வேண்டி வரலாம். ஒரே ஒரு கடிதம்! அதே சமயம் பொய்யாக உறுதி கொடுத்தும் தப்பிக்க முடியாது. சமையற்காரர், பஸ் டிரைவர் போன்றவர்களுக்கு 'ஜூனில் வா' என்று சொல்கிற நம் பள்ளி மாதிரி அங்கே செப்டம்பரில் வரச் சொல்லிவிட்டு, பிறகு வேலை இல்லை என்றால், முறையாக மனுச் செய்திருந்தவருக்கு அந்தக் கோடைக்கும் பின்தேதியிட்டுத் தொகை உண்டு. சட்டம் அலுவலகத்தின் வாக்கைத்தான் அளக்கிறது.

நான்காவது வழி, உண்டியல். திருப்பிக் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்ட நகராட்சி, நல்ல காலத்தில் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். 2020-இல் என்ன ஆயிற்று? ஊரடங்கில் வரி வருமானம் விழுந்தது. அதே நேரத்தில் உதவித்தொகை பில் ஏறியது. வெயில் காலத்திலேதான் கிணறு வற்றும், வெயில் காலத்திலேதான் தாகமும் எடுக்கும். அந்த ஆண்டு மத்திய அரசு தலையிட்டு அந்தப் பில்லில் பாதியைத் தானே ஏற்றது. 2021-இல் ஏப்ரலிலிருந்து முக்கால் பங்கு. ஒவ்வொரு முறையும் மாமா வீட்டிலிருந்து பணம் வரும் என்று குடித்தனம் நடத்த முடியாது.

இதையெல்லாம் செய்யாமல் வாங்குகிறவரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. நெடுங்காலமாகப் பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் வரை உதவித்தொகை என்பது வழக்கம். ஃபுளோரிடா 2011-இல் சட்டத்தை மாற்றியது. மாநிலத்தில் வேலையின்மை குறைவாக இருந்தால் 12 வாரம் மட்டும் என்றது. செலவு குறைந்தது, உண்மை. ஆனால் நாட்டில் வேலையின்மை குறைவு என்ற புள்ளிவிவரம், வேலை போன ஒருவர் வீட்டு வாடகையைக் கட்டுமா? ஐம்பது வயதில், ஒரே இலாகாவில் இருபது வருஷம் ஒரே மாதிரிக் கோப்பைப் பார்த்தவருக்கு 12 வாரத்தில் அடுத்த வேலை கிடைத்துவிடுமா? நானும் ஆபீஸில் கோப்புத் தள்ளியவன்தான் நடுவர் அவர்களே. எங்க வேலைக்கு வெளியில மார்க்கெட்டே கிடையாது! (சிரிப்பு) சிரிக்கிறீங்க. அந்த வயசுல அந்த வீட்டுல பையன் காலேஜ்ல இருப்பான், அப்பா அம்மா மருந்து மாத்திரையில இருப்பாங்க. அந்த உதவித்தொகை பொதுவாகப் பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஈடு செய்யப் பார்க்கும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. அதிலும் போய் நாம் கத்தியைத் தீட்ட வேண்டுமா?

செலவு கட்டுப்பட வேண்டும். அதில் எங்களுக்கும் எதிரணிக்கும் சண்டை இல்லை. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். இது ஆறுகூட இல்லை, ஜனங்கள் கட்டிய வரி. ஏமாற்றுகிறவரைப் பிடிக்கட்டும். ஆனால் மாட்டைக் கட்டுகிற கயிறு ஒரு பக்கம், அதன் வால் இன்னொரு பக்கம். வேலையை விட்டு அனுப்பும் முடிவு, அதற்கு எழுதும் காரணம், மாநிலம் கேட்டால் தரும் பதில், நேரத்துக்குப் போடும் பட்ஜெட், இவை தும்பு. அது அலுவலகத்தின் கையில் இருக்கிறது. வேலை போய் வீட்டுக்கு வந்த பிறகு ஒருவர் வாங்குகிற தொகை வால். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு மாட்டின் பின்னால் ஓடினால் மாடும் நிற்காது, நாமும் விழுவோம்.

எனவே, வேலையிழந்த அரசு ஊழியருக்கான செலவைக் கட்டுப்படுத்த முதலில் கவனிக்க வேண்டியது அவரை அனுப்புகிற அலுவலகத்தையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)